எலும்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாவுக்கட்டைப் பிரித்த பிறகு, விறைத்துப்போன மூட்டை மடக்கி நீட்டப் பழக்குவது என் வேலை. ஒரு நோயாளிக்கு அரைமணி நேரமாவது ஆகும். அந்த அரைமணியில் நோயாளி சந்தேகம் கேட்பார். துணைக்கு வந்தவர் அதைவிட அதிகம் கேட்பார். 20 ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வாசகத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்ல வேண்டியவற்றை உங்கள் எலும்பு மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

மொத்தம் 206 எலும்பு என்று பள்ளியில் படித்தேன். பிறந்த குழந்தைக்கு 300 என்கிறார்களே, மீதி எங்கே போகிறது?

எங்கும் போவதில்லை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. பிறக்கும்போது 270 முதல் 300 வரை தனித்தனித் துண்டுகள் இருக்கும். அவற்றில் பல இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். இடுப்பெலும்பு பக்கத்துக்கு மூன்று துண்டாக இருந்து, பதின்ம வயதில் ஒன்றாகிறது. முதுகின் அடியில் ஐந்து முள்ளெலும்புகள் சேர்ந்து ஒரே முக்கோணப் பலகையாகின்றன. கைக்குழந்தையின் எக்ஸ்ரேயில் முழங்கால் சில்லைக் காணோமே என்று பதறுகிறவர்கள் உண்டு. சில்லு இருக்கிறது, குருத்தெலும்பாக இருப்பதால் படத்தில் விழுவதில்லை.

206 என்பதும் எல்லோருக்கும் பொருந்தும் கணக்கல்ல. சிலருக்குக் கழுத்தடியில் ஒரு விலா கூடுதலாக இருக்கும். சிலருக்குப் பாதத்தில் ஓரிரு சின்ன எலும்புகள் அதிகம் இருக்கும். எனக்குப் பிடித்த கணக்கு வேறு: ஒரு கையில் மணிக்கட்டோடு சேர்த்து 27, ஒரு பாதத்தில் 26. இரண்டையும் இரட்டித்தால் 106. உடம்பின் எலும்புகளில் பாதிக்கு மேல் கைகளிலும் பாதங்களிலும்தான் இருக்கின்றன.

குழந்தையின் உச்சிக்குழி துடிக்கிறது. அங்கே எலும்பே கிடையாதா?

அந்த இடத்தில் இன்னும் எலும்பு மூடவில்லை. பிரசவத்தின்போது தலை சற்று ஒடுங்கி வெளியே வரவும், பிறகு மூளை வேகமாக வளரவும் மண்டையோட்டின் தகடுகளுக்கு நடுவே விடப்பட்டிருக்கும் இடைவெளி அது. கீழே ஓடும் இரத்தத்தின் துடிப்பே மேலே தெரிகிறது. பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள், சிலருக்கு இரண்டு வயதுக்குள் மூடிவிடும். குழி ஆழமாக உள்வாங்கினால் உடலில் நீர் வற்றியிருக்கலாம். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போதும் புடைத்து நின்றால் மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும்.

எலும்பு முழுக்கக் கெட்டியா, உள்ளே குழாய் மாதிரியா?

சைவர்கள் மன்னிக்க வேண்டும், இதற்கு நல்லி எலும்பை விடச் சிறந்த பாடப்புத்தகம் இல்லை. சமைக்காத தொடை நல்லியை வாங்கிப் பாருங்கள். மேலே மெல்லிய சவ்வு ஒன்று ஒட்டியிருக்கும், நகத்தால் கீறினால் உரியும். வலியை உணரும் நரம்புகள் நிறைந்திருப்பது அதில்தான். அதற்கு உள்ளே வெள்ளையாக, கத்தி இறங்காத கெட்டி வளையம். நடுவில் நாம் உறிஞ்சிச் சாப்பிடும் மஜ்ஜை. மூட்டுப் பக்கத்து முனையை வெட்டிப் பார்த்தால் படம் மாறும்: கெட்டி ஓடு மெலிந்து, உள்ளே பஞ்சு போல, பாத்திரம் தேய்க்கும் நார் போலக் கண்ணறைகள். முனையின் தலையில் வழவழவென்று, சற்று நீலம் பாய்ந்த வெள்ளைப் பூச்சு, அது குருத்தெலும்பு. நமக்கும் இதே அமைப்புதான்.

நடுவில் ஏன் குழாய்? மூங்கிலைப் பாருங்கள். ஒரு கம்பை வளைத்தால் சுமையெல்லாம் வெளிச்சுற்றில் விழுகிறது, நடுப்பகுதிக்கு வேலையே இல்லை. வேலையில்லாத இடத்தைக் காலியாக விட்டால் கனம் குறையும், உறுதி பெரிதாகக் குறையாது. முனைகளில் உள்ள பஞ்சு எலும்பின் நார்களும் தாறுமாறாக ஓடுவதில்லை. உடல் எடை எந்தத் திசையில் இறங்குகிறதோ அந்தத் திசையில் வரிசையாக ஓடுகின்றன.

கெட்டி எலும்பை நுண்ணோக்கியில் பார்த்தால் மரத்தின் ஆண்டு வளையங்கள் போல அடுக்கடுக்கான வட்டங்கள் தெரியும். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் இரத்தக்குழாய் செல்ல ஒரு நுண்துளை. 1691இல் இதை எழுதிவைத்த ஆங்கில மருத்துவர் கிளாப்டன் ஹேவர்ஸின் பெயராலேயே அதை இன்றும் ஹேவர்சியன் குழாய் என்கிறோம்.

எலும்பு என்பது சுண்ணாம்புதானே?

பாதி சரி. எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தாது உப்பு. அது வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு அல்ல, கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு படிகம். மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத நார், கொஞ்சம் தண்ணீர். தாது கான்கிரீட் என்றால் கொலாஜன் அதற்குள் கட்டிய கம்பி.

கம்பி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நம்மில் பலர் கண்ணால் பார்த்திருக்கிறோம், என்ன பார்க்கிறோம் என்று தெரியாமல். அஸ்தி என்ற சொல்லுக்கே எலும்பு என்றுதான் பொருள். மறுநாள் சுடுகாட்டுக்குப் போய்ப் பால் தெளித்துப் பொறுக்கும் அந்த வெள்ளைத் துண்டுகள் எலும்பின் தாது மட்டுமே. புரதமும் நீரும் தீயில் போய்விட்டன. என் தாத்தாவின் அஸ்தியைப் பொறுக்கியபோது, விரலால் சற்று அழுத்தியதுமே ஒரு துண்டு பொடிந்தது. அவர் 80 வயதிலும் மூட்டை சுமந்தவர்.

இதற்கு நேர் எதிரான சோதனையை வீட்டில் செய்யலாம். கோழிக்கால் எலும்பைச் சுத்தம் செய்து ஒரு வாரம் வினிகரில் ஊறவையுங்கள். தாது கரைந்து, நார் மட்டும் மிஞ்சும்; எலும்பு ரப்பர் போல வளையும். குழந்தைகளின் எலும்பு இந்த வளையும் பக்கம் சற்று அதிகம் சாய்ந்தது. அதனால்தான் அவர்களுக்குப் பல சமயம் எலும்பு முழுதாக ஒடியாமல், பச்சை வேப்பங்குச்சி போல ஒரு பக்கம் பிளந்து மறுபக்கம் வளைந்து நிற்கிறது.

அப்படியானால் எலும்புக்கு உயிர் இருக்கிறதா? குச்சி மாதிரித்தானே கிடக்கிறது?

கல்லூரியில் நாங்கள் கையில் எடுத்துப் படிப்பது செத்த எலும்பு. அதைப் பார்த்துப் பழகியதால் வரும் எண்ணம் இது. உடம்புக்குள் இருக்கும் எலும்பில் இரத்தம் ஓடுகிறது, ஓயாமல் வேலை நடக்கிறது. ஒரு வகை செல் பழைய எலும்பைக் கரைத்துக்கொண்டே போகிறது, இன்னொரு வகை அதன் பின்னாலேயே புது எலும்பைக் கட்டிக்கொண்டு வருகிறது. வளர்ந்தவரின் எலும்பில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் இப்படிப் புதிதாகிறது. குடியிருப்பவர்களைக் காலி செய்யச் சொல்லாமலே வீட்டின் செங்கல்லை ஒவ்வொன்றாக மாற்றுவது போன்ற வேலை.

எங்கே கட்ட வேண்டும், எங்கே கரைக்க வேண்டும் என்பதை முடிவு செய்வதில் சுமைக்குப் பெரிய பங்கு உண்டு. சுமை விழும் இடத்தில் எலும்பு தடிக்கும், விழாத இடத்தில் மெலியும் என்று ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் எழுதினார். டென்னிஸ் வீரர்களின் மட்டை பிடிக்கும் கையில் எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருக்கும். விண்வெளியில் எடையே உணராமல் மிதப்பவர்களுக்கு இடுப்பு எலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைகிறது. மருத்துவர் அனுமதித்த அன்றே, வலிக்கிறது என்று நீங்கள் முகத்தைச் சுளித்தாலும், காலை ஊன்றச் சொல்லி நான் வற்புறுத்துவது இதனால்தான்.

உடம்பைத் தாங்குவதைத் தவிர எலும்புக்கு வேறு வேலை உண்டா?

மூளைக்கும் நெஞ்சுக்கும் கவசம், தசைகளுக்கு நெம்புகோல் என்பவை எல்லோரும் அறிந்தவை. காதுக்குள் மூன்று குட்டி எலும்புகள் ஒலியைக் கடத்துகின்றன. அவற்றில் கடைசி எலும்பு சுமார் 3 மில்லிமீட்டர்தான், அரிசியைவிடச் சிறியது.

இரத்தம் ஊறுவதும் எலும்பில்தான். மஜ்ஜை நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. வளர்ந்தவர்களுக்கு நீண்ட எலும்புகளின் நடுத்தண்டில் இருப்பது பெரும்பாலும் கொழுப்பு மஜ்ஜை. இரத்தம் ஊறும் சிவப்பு மஜ்ஜை இடுப்பு, மார்பெலும்பு, முள்ளெலும்பு, விலா ஆகியவற்றில் தங்கிவிடுகிறது. மஜ்ஜைப் பரிசோதனைக்குப் பெரும்பாலும் இடுப்பெலும்பில் ஊசி போடுவது அதனால்தான்.

இன்னொரு வேலை, சேமிப்புக் கிடங்கு. உடம்பில் உள்ள கால்சியம் ஏறக்குறைய ஒரு கிலோ. அதில் 99 சதவீதம் எலும்பில் இருக்கிறது. மீதியுள்ள ஒரு சதவீதம் இல்லாமல் இதயம் துடிக்காது, தசை இயங்காது. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் கழுத்தில் அரிசி அளவே உள்ள நான்கு சுரப்பிகள் உடனே எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கச் சொல்லும். சாப்பாட்டில் கால்சியம் வராவிட்டாலும் இரத்தப் பரிசோதனையில் அளவு சரியாகவே இருப்பது இப்படித்தான். கடன் எலும்பின் பெயரில் ஏறிக்கொண்டிருக்கும்.

எலும்பு உடையவில்லை, வெறும் கிராக்தான் என்றார்கள். அப்புறம் எதற்கு மாவுக்கட்டு?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுவாகத்தான் இருக்கும். விரிசலும் முறிவுதான். துண்டுகள் விலகாமல் அதே இடத்தில் நிற்கின்றன என்பது மட்டுமே வித்தியாசம். கட்டுப் போடாமல் நடமாடினால் அவை விலகலாம். அப்போது கட்டில் முடியவேண்டியது அறுவைச் சிகிச்சையில் போய் முடியும். மிக மெல்லிய விரிசல் முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமல், இரண்டு வாரம் கழித்து எடுக்கும் படத்தில் தெரிவதும் உண்டு. எனவே படம் நன்றாக இருந்தும் வலி விடவில்லை என்றால் திரும்பப் போய்க் காட்டுங்கள்.

கால் பிசகுவது வேறு. அதில் எலும்புகளைப் பிணைக்கும் நார், பேச்சு வழக்கில் ஜவ்வு, இழுபடுகிறது அல்லது கிழிகிறது. மூட்டு நழுவுவது இன்னொன்று. அதைப் பக்கத்து வீட்டுக்காரர் இழுத்துச் சரிசெய்ய அனுமதிக்காதீர்கள்.

உடைந்த எலும்பு எப்படிக் கூடுகிறது? எத்தனை நாளாகும்?

முதலில் உடைந்த இடத்தில் இரத்தம் கட்டும். வீக்கத்தைப் பார்த்துப் பயப்படுகிறோம். பழுதுபார்ப்பு தொடங்குவதே அங்கிருந்துதான். இரண்டு மூன்று வாரங்களில் இரு முனைகளுக்கும் நடுவே மெத்தென்ற குருத்தெலும்புப் பாலம் உருவாகும். அது எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. ‘மூணு வாரமாயிற்று, படத்தில் ஒன்றுமே தெரியவில்லையே’ என்று கலங்குகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். பிறகு அந்தப் பாலத்தில் தாது படிந்து, முறிந்த இடத்தைச் சுற்றி ஒரு முடிச்சுப் போலத் தடிக்கும். அதற்குப் பிறகு மேலே சொன்ன கரைக்கும் செல்லும் கட்டும் செல்லும் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் உழைத்து முடிச்சைச் செதுக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும். தோல் கிழிந்தால் தழும்புதான் வரும். எலும்பில் முறிந்த இடத்தை நிரப்புவது எலும்பேதான்.

மணிக்கட்டுக்கு ஏறத்தாழ ஆறு வாரம், முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்புக்கு மூன்று நான்கு மாதம், சமயத்தில் அதற்கும் மேல். குழந்தைகளுக்குச் சீக்கிரம் கூடும். சிகரெட் பிடிப்பவர்களுக்கும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் தாமதமாகும். கூடிய இடம் முன்பைவிட உறுதி என்பது அந்த முடிச்சைப் பார்த்துச் சொல்வது. முடிச்சு கரைந்த பிறகு மற்ற இடத்தைப் போலத்தான்.

புத்தூர் கட்டுப் போட்டால் ஆபரேஷனே வேண்டாம் என்கிறார் மாமா. போகலாமா?

சென்னையிலிருந்து திருப்பதி போகும் வழியில் உள்ள ஆந்திர ஊர் புத்தூர். அதன் பெயரில் போடப்படும் கட்டுக்குத் தமிழ்நாடெங்கும் நம்பிக்கை உண்டு, அந்த நம்பிக்கையை நான் கேலி செய்யப் போவதில்லை. முந்தைய பதிலை மறுபடி பாருங்கள்: எலும்பைக் கூட்டுவது எலும்பே. மாவுக்கட்டோ மூங்கில் தப்பையோ செய்வது அசையாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான். விலகாத முறிவு நன்றாகப் பிடித்து நிறுத்தினால் எந்தக் கட்டிலும் கூடக்கூடும். மாமா பார்த்த வெற்றிகள் பெரும்பாலும் அந்த வகையாக இருக்கும்.

மூட்டுக்குள் போன முறிவு, துண்டுகள் ஏறி நிற்கும் முறிவு, தோலைக் கிழித்து வெளியே வந்த முறிவு, வயதானவர்களின் இடுப்பு முறிவு ஆகியவற்றில் கட்டை நம்பி நாளைக் கடத்துவது ஆபத்து. எக்ஸ்ரே எடுத்து, எலும்பு மருத்துவரிடம் காட்டிய பிறகு முடிவு செய்யுங்கள். எந்தக் கட்டானாலும், மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டானாலும், விரல் நீலம் பாய்ந்தால், மரத்துப்போனால், விரலை நீட்டும்போது தாங்க முடியாத வலி வந்தால் காலைவரை காத்திருக்கக் கூடாது. இரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கலாம். சில மணி நேரத்தில் தசை செத்துவிடும், அதை எந்தப் பயிற்சியாலும் என்னால் மீட்க முடியாது.

ஆட்டுக்கால் சூப்பும் பிரண்டைத் துவையலும் தினமும் கொடுக்கிறோம். போதுமா?

சூப் ருசியானது, நானும் குடிப்பேன். ஆனால் கொதிக்கும் தண்ணீரில் இறங்கும் கால்சியம் சொற்பம். சூப் ஆறினால் உறையுமே, அந்தப் பசை கொலாஜனிலிருந்து வந்தது. வயிற்றுக்குள் போனால் அதுவும் மற்றப் புரதத்தைப் போலத்தான் செரிக்கும், நேராக முறிந்த இடத்துக்குப் போய் ஒட்டாது. பிரண்டைக்கு இந்தியில் ஹட்ஜோட், அதாவது எலும்பை ஒட்டுவது என்றே பெயர். அதை வைத்து ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. துவையலாகச் சாப்பிடுங்கள், மருத்துவருக்குப் பதிலாகச் சாப்பிடாதீர்கள்.

வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்தது. ஒரு டம்ளர் பாலில் சுமார் 240 மில்லிகிராம், 100 கிராம் கேழ்வரகில் 350 அளவுக்கு இருக்கிறது. எள்ளும், முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும் நல்லவை. பசலைக்கீரையில் கால்சியம் இருந்தும் அதிலுள்ள ஆக்சலேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எலும்புக்குள் கொலாஜன் கம்பி கட்டப் புரதம் வேண்டும் என்பதால் முட்டை, பருப்பு, மீன் முக்கியம். கால்சியத்தைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும், அதற்கு வெயில் தோலில் நேரடியாகப் பட வேண்டும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் பயனில்லை, தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

முட்டி தேய்ந்துவிட்டது என்கிறார்கள். கால்சியம் மாத்திரை போட்டால் சரியாகுமா?

தேய்ந்தது எலும்பல்ல, நல்லி எலும்பின் தலையில் பார்த்தோமே, அந்த வழவழப்பான பூச்சு. எக்ஸ்ரேயில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே காலி இடம் போலத் தெரிவது காலி இடமல்ல, குருத்தெலும்பு. அந்த இடைவெளி குறைந்தால் பூச்சு மெலிந்துவிட்டது என்று பொருள். அதற்கு இரத்தக்குழாய் கிடையாது, அதனால் முறிவைப் போலத் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளாது. மாத்திரை எலும்புக்குப் போகும், பூச்சுக்குப் போகாது. தொடைத் தசையை வலுவாக்கி, எடையைக் குறைத்தால் வலி குறைவதை மட்டும் நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன்.

விரலில் நெட்டி முறித்தால் மூட்டு கெட்டுவிடும் என்று பாட்டி திட்டுகிறார்.

சத்தம் எலும்பு உரசுவதால் வருவதல்ல. மூட்டுக்குள் உள்ள திரவத்தில் ஏற்படும் வாயுக் குமிழிதான் காரணம். டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் 60 ஆண்டுகளாக ஒரு கையில் மட்டும் நெட்டி முறித்து, இரண்டு கையிலும் வித்தியாசமில்லை என்று காட்டி 2009இல் இக் நோபல் பரிசு (சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் வேடிக்கைப் பரிசு, நோபல் பரிசு அல்ல) பெற்றார். ஒரே ஒரு ஆளை வைத்துச் செய்த ஆய்வுதான். இருந்தாலும் பாட்டியிடம் சொல்லலாம்.

பையனுக்கு 19 வயது. உயரமாக்கும் பவுடர், தொங்கும் பயிற்சி ஏதாவது பலிக்குமா?

பலிக்காது. நீண்ட எலும்பின் இரு முனைகளிலும் உள்ள குருத்தெலும்புத் தட்டில்தான் நீளம் வளர்கிறது. பெரும்பாலும் பெண்களுக்கு 14 முதல் 16 வயதிலும், ஆண்களுக்கு 16 முதல் 18 வயதிலும் அந்தத் தட்டு எலும்பாகி மூடிவிடும். கழுத்தடியிலிருந்து தோள்வரை ஓடும் காறை எலும்பின் உள்முனை மட்டும் இருபதுகளின் நடுப்பகுதிவரை இழுக்கும், அதனால் உயரம் கூடாது. காலையில் அளந்தால் மாலையைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இருப்பது முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல உள்ள தட்டுகள் இரவில் நீர் ஏறி உப்புவதால். விளம்பரக்காரர்கள் அளப்பது அந்த நேரத்தில்தானோ என்னவோ.

அம்மா வருடத்துக்கு வருடம் குள்ளமாகிறார். கீழே விழவே இல்லை, முதுகெலும்பு நொறுங்கியிருக்கிறது என்கிறார்கள். எப்படி?

என்னிடம் வந்த ஒரு பாட்டி, ‘பரண் மேலே ஏறிவிட்டது’ என்றார். முன்பு கை எட்டிய பரண் எட்டவில்லையாம். 30 வயதை ஒட்டி எலும்பின் அடர்த்தி உச்சத்துக்குப் போகிறது. பிறகு கரைப்பது கட்டுவதை மெல்ல மெல்ல முந்துகிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பெண்களுக்கு இது வேகமாகிறது. முதலில் அடிபடுவது பஞ்சு எலும்பு. முள்ளெலும்பின் உடல் பெரும்பாலும் அதனால் ஆனது. ஒரு குடத்தைத் தூக்கினாலே, பலமாக இருமினாலே அது அமுங்கிவிடலாம். வலிகூட இல்லாமல் நடப்பதுண்டு. டெக்ஸா என்ற அடர்த்திச் சோதனையில் டி-மதிப்பு (இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிடும் எண்) மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை என்பார்கள். இதற்கு மருந்துகள் இருக்கின்றன. கால்சியம் மட்டும் போதாது, முட்டித் தேய்மானத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம்.

எலும்புக்கு உயிர் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் ஆதிச்சநல்லூர், கொந்தகை அகழாய்வுகளில் முதுமக்கள் தாழிகளுக்குள் கிடந்த எலும்புகள் மட்டும் எப்படி மக்காமல் இருந்தன?

ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவி கேட்டது இது. உயிருள்ள பகுதி மக்கிவிட்டது. மிஞ்சியிருப்பது பெரும்பாலும் தாது. அஸ்தி பற்றிய பதிலில் தீ செய்ததை இங்கே மண் பல நூற்றாண்டுகளாக மெதுவாகச் செய்திருக்கிறது. புளிப்புத்தன்மை உள்ள மண் தாதுவையும் கரைத்துவிடும், வினிகரில் போட்ட கோழி எலும்பைப் போல. அதனால் எல்லா இடத்திலும் எலும்பு கிடைப்பதில்லை.

கிடைத்தால் நிறையப் படிக்கலாம். இடுப்பெலும்பின் அகலம் ஆணா பெண்ணா என்று சொல்லும். வளர்ச்சித் தட்டுகள் மூடியிருக்கின்றனவா என்பது வயதைச் சொல்லும். தசை ஒட்டியிருந்த இடங்களின் சொரசொரப்பு, அந்த ஆள் எந்தக் கையை அதிகம் பயன்படுத்தினார் என்பதற்குக் குறிப்புத் தரும். முறிந்து கூடிய முடிச்சு ஒன்று தென்பட்டால், அடிபட்ட பிறகும் அவர் சில வாரங்களாவது உயிரோடு இருந்தார் என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். செத்தவரின் எலும்பு கூடுவதில்லை.